ஒரு லட்சம் பேருக்கு

பட்டினமும் சூழலும் என்று எங்கள் பிரிவுக்குப் பெயர்.
அரசாங்கம் தன்னையறியாமல் எழுதிய ஒரேயொரு கவிதை வரி.
அதன் கீழே மூதூர், கிண்ணியா, குச்சவெளி,
மொறவெவ, கந்தளாய், கோமரங்கடவல,
ஆகக் கடைசியில் வெருகல்.

அட்டவணை சொல்கிறது
பட்டினத்தில்தான் கூடுதலாகச் சாகிறார்கள் என்று.
வெருகலில் எலிக்காய்ச்சலுக்குச் சாவே இல்லை.
பூச்சியம். அதற்கும் ஒரு தசமம் வைத்து
பூச்சியம் தசம் பூச்சியம்.
பணிப்பாளர் பச்சைப் பேனையால் வட்டம் போட்டார்,
நல்ல முன்னேற்றம்.

எலிக்காய்ச்சல் வயலில் நிற்பவனுக்கு வருவது.
டொக்யார்ட் வீதியில் சேறு ஏது?

சாவு விழுந்த இடத்தில்தான் பதிவும் விழும்.
வெருகலில் தொடங்கும் காய்ச்சல்,
ஈச்சிலம்பற்றில் பனடோல்,
மூதூரில் சேலைன்,
கிண்ணியாப் பாலத்தில் அம்புலன்ஸ் மூச்சு வாங்கும்,
பெரியாஸ்பத்திரி ஏழாம் வாட்டில்
விடியப்புறம் முடியும்.
முடிந்தவுடன் ஆள் பட்டினத்துக்காரன்.
ஒருநாள்கூட இங்கே வாடகைக்கு இருந்திராதவன்.

மேலே இப்படியென்றால் கீழே வேறு கூத்து.
வகுக்கும் எண்ணுக்குள்
கட்டாரில் கம்பி கட்டும் பொடியன்கள்,
கட்டுநாயக்காவில் சட்டை தைக்கும் பெட்டைகள்.
எல்லாரும் இடாப்பில் ஊரோடு இருக்கிறார்கள்,
காய்ச்சல் வராமல், வயது போகாமல்.
செத்தவரை வெளியே அனுப்பி
போனவரை உள்ளே வைத்தால்
எந்த ஊரும் சொர்க்கம்தான்.

சனிக்கிழமை நானும் நிஸ்மியாவும் கோப்பு இறக்கினோம்.
முற்றத்தில் மான்கள் பழைய கடிதவுறை மென்றன.
நிரந்தர முகவரி என்றொரு பெட்டி,
பாதிக்கு மேல் வெறும் கோடு.
எழுதியிருந்தவற்றை ஊர் ஊராய்ப் பிரித்தோம்.
ஹீன் மெனிக்கா, கோமரங்கடவல.
முகம்மது லாபிர், குறிஞ்சாக்கேணி.
க. கோணாமலை, நாற்பத்தொரு வயது,
ஊர் இருக்கவேண்டிய இடத்தில் கோடு,
கோட்டின்மேல் சாய்வாய் ஒரு தொலைபேசி இலக்கம்.

எடுத்தது மனைவி. பின்னால் கோழிச் சத்தம்.
அவர் கடைசியாய் இருந்த ஊர் எது என்றேன்.
"எந்தக் கடைசி?
முகாம் கிளிவெட்டியில.
வீடு தந்தது முகத்துவாரத்தில.
காய்ச்சல் பிடிச்சது பூநகர் வயலுக்க."
காய்ச்சலுக்கு முந்தி எங்கே படுத்து எழும்பினார்?
"முகத்துவாரத்தில."
எழுதினேன்.
"அவர்ர பேர் வருமா அதில?"
பேர் வராது அக்கா. ஊர் வரும்.
"சரி, போடுங்கோ."

ஒரு லட்சம் பேருக்கு என்று பெருக்கவேண்டும்.
வெருகலில் லட்சம் பேர் எந்தக் காலத்தில் இருந்தார்கள்?
ஒருவனைத்தான் போட்டேன்.
கணினி அவனை ஏழு தசம் ஐந்து ஆக்கிற்று.
ஏழரை.
பட்டினத்தில் அதே ஒருவனைக் கழித்தேன்,
அங்கே ஒன்றுகூட முழுதாய் இறங்கவில்லை.

வெருகல் கடைசி வரியிலிருந்து
முதல் வரிக்குத் தாவியதும்
எனக்குச் சின்னதாய் ஒரு சந்தோசம்,
மருமகளின் பரீட்சை முடிவு பார்த்ததுபோல.
நிஸ்மியா ஒன்றும் பேசவில்லை, திரையையே பார்த்தாள்.
பிறகுதான் உறைத்தது
எதில் முதல் என்று.

திங்கட்கிழமை பணிப்பாளர் சொன்னார்,
கொழும்புக்குப் போன அட்டவணை போனதுதான்.
வேண்டுமென்றால் அடிக்குறிப்பில் போடலாம்.
போட்டேன், நாலாவது குறிப்பாக,
கண்ணாடி தேவைப்படும் எழுத்தில்.

அந்த அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பலாமா என்று யோசித்தேன்.
உறையில் விலாசம்கூட எழுதிவிட்டேன்.
பிரித்துப் பார்த்தால் ஏழரை என்றிருக்கும்.
அனுப்பவில்லை.