முந்நூற்று நாற்பது

மிட்டென்வால்டில் பனி இன்னும் கூரையை விட்டிறங்கவில்லை.
வயலினின் மேற்பலகை,
நரம்பில்லை, கழுத்தில்லை,
நான்கு பஞ்சுத் துண்டுகளின் மேல் மல்லாந்து கிடக்கிறது.

கொர்பினியான் அதன்மேல் தேயிலைத் தூள் தூவுகிறார்.
மணலும் ஆகும், ஆனால் மணல் கீறுமாம்.
தூள் நான் வாங்கி வந்தது,
மியூனிக்கில், நம்மவர் கடையில், இருநூறு கிராம்.

கீழே ஒலிபெருக்கி. என் விரலில் குமிழ்.
முந்நூறு. முந்நூற்றிருபது.
தூள் சும்மா கிடக்கிறது.
முந்நூற்று நாற்பது ஹெர்ட்ஸில்
எறும்புக்கு மழைவாசம் தட்டினாற்போல்
எல்லாம் ஒரே ஓட்டம்.
அதிரும் இடத்தை விட்டு
அதிராத கோட்டில் போய் ஒண்டிக்கொள்கிறது.
ஓரத்தை ஒட்டி ஒரு வளையம்,
இடப்பக்கம் மட்டும் வாய் மூடவில்லை.

"இடப்பக்கம் பருமன் கூட,
ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு"
என்றேன், திரையைப் பார்த்து.
அவர் திரைப்பக்கம் திரும்பவில்லை.
பலகையை இரு விரலில் தூக்கிக்
காதருகே தட்டினார்,
முலாம்பழம் வாங்குகிறவர் மாதிரி.
வலப்பக்கம் இரண்டே சீவல்.

"வலப்பக்கமா?"
"அங்கேதான் தொண்டை கட்டியிருக்கிறது."

மறுபடி தூவினோம். வளையம் மூடியது.

குறிப்பேட்டில் எடை எழுதினேன்,
அறுபத்தேழு கிராம்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
'தொண்டை' என்று எழுதினேன்.

தூளை எறிய மனமில்லை.
வழித்துக் கொதிநீரில் போட்டோம்.
தேநீரில் ஸ்புரூஸ் பிசின் வாசம், ஒன்றிரண்டு சிராய்.
அவர் சர்க்கரை போடவில்லை.
நான் மூன்று கரண்டி.