பதினோராம் படி

நாவலில் பனி பெய்கிறது.
ஏதோ துறைமுக நகரம். அதன் பெயர்
மூன்று முறை எழுத்துக் கூட்டியும் வாயில் நிற்கவில்லை.
கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
அவள் வீட்டுக்குள் நுழைகிறான் அவன்.

நுழைந்த இடம்
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
முனிவெங்கடப்பாவின் மாடிப் போர்ஷன்.

வேறு வீடு கட்டிப் பார்த்தேன் அவனுக்கு.
ஆசிரியர் சொன்ன கணப்பு, வெல்வெட் திரை,
எல்லாம் வைத்தேன்.
அடுத்த பக்கத்திலேயே
மீட்டர் பெட்டிமேல் பால் அட்டை வந்துவிட்டது.
ஜன்னலைத் திறந்தால் சையத் பாஷா மலை,
கூழ் ஆலையிலிருந்து ஜூன் மாதத்தின்
புளித்த மாம்பழ வாசம்.
பனி அதன்மேல்தான் விழுகிறது, என்ன செய்ய.

நான்கு வருடம் இருந்தேன் அங்கே,
கருவூலத்தில் வேலை.
காலி செய்த அன்று
சுவரில் ஆணி அடித்ததற்கென்று
அட்வான்ஸில் இருநூறு பிடித்துக்கொண்டார்.
நல்ல மனுஷன்தான்.
ஆணி மூன்று.

அந்த மாடிப்படியில் பதினோராவது மட்டும்
இரண்டு விரற்கடை உயரம் கூட.
கொத்தனாரின் கணக்குப் பிழை.
அம்மா இடறினாள், சிலிண்டர்காரர் இடறினார்,
பெண் பார்க்க வந்தவர்கள்
வரிசையாக இடறினார்கள்.
ஆசிரியருக்கு இது தெரியாது.
மொழிபெயர்த்தவருக்கும் தெரியாது.

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு
எண்ணுகிறேன், அவன் ஏறுகிறான்.
எட்டு, ஒன்பது, பத்து.

கரண்ட் போன நேரம். கோட்டைக் காணோம்.
கழற்றிய செருப்பு கையில்.
கீழே வீட்டுக்காரர் இருமுகிறார்.

பதினொன்றில்
அவன் கால் இடறவில்லை.