பத்தொன்பதாம் எண் அறை

பாபு ராவ் தெருவில் எங்கள் லாட்ஜுக்கு
முப்பத்தாறு அறைகள்.
எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தாம்.
சுற்றிப்பார்க்க வேலூரில் இறங்கியவன்
அகழியை ஒரு நடை பார்த்துவிட்டு
சாயந்திர பஸ்ஸிலேயே போய்விடுவான்.

முதலாளி ஜம்புலிங்கம் கேட்டார்:
"ஒரு ஆளு சராசரியா எத்தினி நாளு தங்குறான்?
கேஸ் அடுப்பு வாடகைய மாத்தணும்."
கட்டம் கட்டமாய் விரிந்த தாளில்
சி வரிசையில் இரவுகளை ஏற்றினேன்.
மூன்று, ஐந்து, நான்கு, எட்டு, ஐந்து, இரண்டு
என்று போய்க்கொண்டே இருந்தது.
சராசரி பத்தே முக்கால்.

பத்தே முக்கால் நாள் தங்கியவர்
எங்கள் லாட்ஜில் ஒருவரும் இல்லை.

அஞ்சல்வழிப் படிப்பில் புள்ளியியல்
நான் இரண்டு தடவை எழுதிய பரீட்சை,
அதனால் மறக்கவில்லை.
சமக்குறி, ஸ்க்யூ,
அடைப்புக்குள் சி2 முதல் சி37 வரை.
என்டரைத் தட்டினேன்.
5.95.

பூஜ்ஜியம் என்றால் இரண்டு தோளும் சமம்.
கழித்தல் குறி வந்தால் வால் இடப்பக்கம்.
இது வலப்பக்கம்,
வராந்தா தாண்டி, மாடிப்படி தாண்டி
காட்பாடி ரோடுவரை நீள்கிற வால்.
புத்தகத்தில் இதற்குக் கோட்டம் என்று பெயர்.
நுனியில் ஒரே ஒரு கட்டம்:
அறை 19. நிரஞ்ஜன் தேப்நாத், தர்மநகர், திரிபுரா.
உடன் மனைவி.
இரவுகள் இருநூற்றுப் பன்னிரண்டு.

"இன்னாய்யா இது, அந்த ஒரு வரிய எடுத்துட்டுப் போடு."
எடுத்தேன்.
0.53.
மேடு நடுவில் வந்து ஒழுங்காய் உட்கார்ந்தது.
அந்நேரம் பார்த்துப் படியிறங்கினார் தேப்நாத்,
கையில் பால் தூக்கு,
சட்டையில் கடுகெண்ணெய் வாசம்.
கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினேன்.
அவர் திரைப்பக்கம் திரும்பக்கூட இல்லை.

எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டால்
"கால்" என்பார்.
அவர் மொழியில் அது நாளை.
நேற்றுக்கும் அதே சொல்தானாம்.
எனக்குத் தெரிந்த கால்
ஒன்றில் நாலில் ஒரு பங்கு.

அவர் கட்டத்தில் மட்டும் தேதி தானாக ஓடும்படி வைத்திருந்தேன்.
காலையில் கோப்பைத் திறந்தால் ஒன்று கூடியிருக்கும்,
கோட்டம் மட்டும் அசையாது.
சந்தேகம் வந்து
ஆயிரம் இரவு என்று போட்டுப் பார்த்தேன்: 5.998.
லட்சம் போட்டேன்: 6.
பிறகு எத்தனை பூஜ்ஜியம் சேர்த்தாலும் ஆறுதான்.
முப்பத்தாறின் வர்க்கமூலம்.
முப்பத்தாறு பேரில் ஒருவர் தனியாக
எவ்வளவு காலம் காத்துக் கிடந்தாலும்
அவ்வளவுதான் சாயும்.
அதற்குமேல் கணக்குக்கு வலிக்காது.

முதலாளியிடம் ஐந்து என்று சொன்னேன்,
நடுவில் நிற்கிற ஆளின் எண்ணிக்கை.
அடுப்பு வாடகை ஐந்து நாளைக்கு ஒரு விலை,
மேலே ஆனால் நாள் கணக்கு என்று எழுதி ஒட்டினார்.
பத்தொன்பதாம் அறைக்குப் பழைய விலையே போட்டு
பில்லை மடித்துக் கொடுத்தேன்.
இதை யாரும் கேட்கவில்லை.

இருநூற்று முப்பதாம் நாள் அவர் சொன்ன "கால்"
நிஜமாகவே நாளை ஆனது.
ஆட்டோவில் மூன்று பை, ஒரு குக்கர்,
ஸ்கேன் படங்கள் போட்ட பெரிய உறை.
ஏறியவர்கள் இரண்டு பேர்.
எண்ணினேன்.
எண்ணுவது என் வேலை.
அந்த அம்மாள் தலையில் கம்பளிக் குல்லாய்,
இந்த மே மாத வெயிலில்.

இப்போது பத்தொன்பதில் பர்த்வான்காரர், முதல் இரவு.
கோட்டம் 0.41.
"பாத்தியா, தானா சரியாயிடுச்சி" என்கிறார் முதலாளி.
பழைய கோப்பை வேறு பெயரில் வைத்திருக்கிறேன்,
எதற்கென்று தெரியவில்லை.

அறையைக் கழுவிவிட்டு வந்த பையன்
மேசைமேல் ஒரு பாட்டிலை வைக்கிறான்.
கடுகெண்ணெய்,
கால் பங்கு மிச்சம்.
இதை எந்த ரூமுக்குண்ணா குடுக்கறது என்கிறான்.