மேலிமையைப் பிரட்டுதல்

"பல்லெஹா பலன்ன" என்கிறார் டொக்டர்.
கீழே பாருங்கோ என்கிறேன் நான்.
மருதை கீழே பார்க்கிறார்:
சீமெந்துத் தரை, என் செருப்பு,
யாரோ தவறவிட்ட இலக்கத் துண்டு.

பஞ்சிகாவத்தையில் சைலன்சர் ஒட்டும் கடை.
கிரைண்டர் பொறி. மூன்று நாளாய்ச் சிவந்த கண்.
குடித்துவிட்டு வருகிறான் என்று
இரண்டு நாள் கூலியை வெட்டிவிட்டாராம் முதலாளி.
அதையும் சிங்களத்தில் சொன்னேன்,
வைத்தியத்துக்குத் தேவையில்லைதான்.

இமைமேல் ஒரு பஞ்சுக்குச்சி.
மயிரைப் பிடித்து ஒரே மடிப்பு,
சட்டைக்கையை உட்புறம் திருப்புவதுபோல.
அவ்வளவு சிவப்பை ஓர் ஆள்
உள்ளே மடித்து வைத்திருப்பார் என்று
நான் நினைத்ததில்லை.
வெட்டிய கொய்யா. ஈரம். நூல் நூலாய் நரம்பு.

"பின்னால போயிருச்சுங்களா?
மூளைக்குப் போயிரும்னு சொல்றாங்க."

டொக்டர் சொன்ன சொல்லுக்கு
என் பட்டியலில் தமிழ் இருந்தது: விழிவெண்படலம்.
சொன்னால் இன்னும் பயப்படுவார்.
கண்ணில் படலம் என்றால் பார்வை போச்சு
என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"ஒரு தோல் இருக்குங்க," என்றேன், அவர் பேச்சிலேயே.
"இமைக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டே போயி
மேல மடிஞ்சு, திரும்பி வந்து
கண்ணு வெள்ளையையும் மூடிக்கும்.
ரெண்டும் ஒரே தோலுதான்.
அடி தைச்ச பை மாதிரி.
விழுந்தது அங்கதான் கெடக்கும், எங்கயும் போகாது."

"நான் இவ்வளவா சொன்னேன்?"
டொக்டர் சிரித்தார், தன் மொழியில்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வந்தது.
குச்சி நுனியில் துருப்பிடித்த ஒரு துணுக்கு,
கடுகில் கால்வாசி.
இமை தானாக விழுந்து மூடிக்கொண்டது.
கன்னத்தில் நீர். மருந்தா, வேறா,
கேட்பது என் வேலையில்லை.

ஒரு கடிதம் கேட்டார்,
குடிக்கவில்லை என்று, முத்திரை குத்தி.
டொக்டர் கண்ணைப்பற்றி மட்டும்
மூன்று வரி எழுதினார்.
வாசித்துச் சொன்னேன்.
மடித்து வாங்கிக்கொண்டார், ஒன்றும் பேசாமல்.

அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாயிற்று.
கதவடியில் நின்றவர் திரும்பி வந்தார்.
"அந்தக் குச்சியத் தருவீங்களா?"

தாதி என்னைப் பார்த்தாள். நான் டொக்டரைப் பார்த்தேன்.
டொக்டர் வேறு கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் டிக்கெட்டில் துணுக்கைத் தட்டி,
நாலாய் மடித்து, சட்டைப்பையில் போட்டு,
அதன்மேல் கையை வைத்துக்கொண்டே
டீன்ஸ் வீதியால் மருதானைப் பக்கம் போனார்,
ஒரு கண்ணில் பஞ்சும் பிளாஸ்டரும்,
முதலாளிக்குக் காட்ட.