சேராங்கொட்டைக் குறி

மேமியோ குளிரில்
ராணுவப் பள்ளிச் சட்டைகளுக்குக்
காலருக்குள் குறி போடுவேன்.
நை லின் கௌங்குக்கு அறுபத்தொன்று.
கடைசி மாத வெளுப்புக்கூலி
பதினாலு கியாட் பாக்கி.

பிறகு அவன் எல்லைச் சண்டையில் என்றார்கள்,
பிறகு மேடையில்,
பிறகு பாதுகாப்பு அமைச்சர்.
அணிவகுப்புக்கு வந்த அன்று
காருக்குள் வெள்ளைக் கையுறை அசைந்தது.
ஈரத்துணி அவர் கண்ணில் படக்கூடாதென்று
முதல் நாளே என் கொடிகளை
அறுத்துப் போட்டிருந்தார்கள்.

ஒரு புதன் இரவு வானொலி சொன்னது:
ஓய்வுபெற அனுமதிக்கப்பட்டார்.
இங்கே அந்த அனுமதி
கேட்காதவருக்குத்தான் கிடைக்கும்.

நாலாம் நாள் மஃப்டியில் இருவர்.
மருமகன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி அடியில்
டாலர்க் கட்டுகளைச் சுற்றியிருந்த
பழைய சட்டை.
யாருடையது?

பிரித்தேன். காலர் நைந்திருந்தது.
குறி மட்டும் நேற்றுப் போட்டதுபோல.
துணி கிழிந்தாலும் சேராங்கொட்டைக் கறை போகாது,
என் கட்டைவிரலிலும் இருக்கிறது.

தெரியாது என்றிருக்கலாம்.
அறுந்த கொடி நினைவுக்கு வந்ததோ,
அந்தப் பதினாலு கியாட்டோ,
வெறும் பயமோ,
வாய் முந்திக்கொண்டது:
அறுபத்தொன்று.

எழுதிக்கொண்டு எழுந்தார்கள்.
கசங்கியிருக்கே, தேய்த்துத் தரவா என்றேன்,
பழக்கதோஷத்தில்.