கலர் பன்னிரண்டுக்கு வில்லங்கம்

எலும்பு டாக்டர் தளவாய்க்கு
நாங்குநேரிப் பக்கம் ஆறு ஏக்கர் உண்டு.
பட்டா உண்டு. முப்பது வருசத்துக்கு
வில்லங்கம் போட்டு வாங்கிய தாள் உண்டு.
படத்துக்கு என்ன உண்டு என்று கேட்டு
வண்ணார்பேட்டைக்கு என்னை வரச்சொன்னார்.

பேர் கொம்பையா. முருகன்குறிச்சியில் ஸ்கிரீன் பிரிண்டிங்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
பிளக்ஸ் வந்தபிறகு பெரும்பாலும் துணிப்பை.
எண்பத்தேழில் ஒரு கோடைக்கு மட்டும்
எபனேசர் சாரின் படம் அடித்தேன்.

ஒரே தாளில் பன்னிரண்டு கலர் பாட்டில்,
கோலி போட்டது, வரிசைக்கு நாலு.
ஒன்று ரோஸ், ஒன்று கிளிப்பச்சை,
ஒன்று காமாலைக்காரன் கண் மாதிரி.
"இதையா சார் மாட்டுவாங்க?"
"பெட்டிக்கடையில கிடக்கதச் சுவத்துக்கு ஏத்துதேன் வே.
நீரு மையக் கிண்டும்."
ஐம்பது அடித்தோம். விற்றது ஒன்பது.

சார் போய்ச் சேர்ந்தார். பிறகு
சென்னையில் யாரோ ஏலம் கூறினார்கள்.
இப்போது ஒன்று நாலு லட்சம்.

எக்ஸ்ரே மாட்டும் விளக்குப் பெட்டியில்
இரண்டைச் செருகிவைத்திருந்தார் டாக்டர்.
இரண்டுக்கும் அடியில் பென்சிலில் 31/50.
"ஒண்ணு பொய். எது?"

முதலில் விரல்.
ஆப்செட் என்றால் வழுக்கும்,
லென்ஸில் ரவை ரவையாய்ப் புள்ளி தெரியும்.
இது மேடு. தாள்மேல் மை ஏறி உட்கார்ந்திருக்கிறது,
இரண்டிலும்.
ஏழாவது பாட்டிலின் கழுத்தில் மயிரிழை வெள்ளைக் கோடு.
என் ரப்பர் கட்டையில் பல் போன இடம் அது.
இரண்டிலும்.

கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை அடித்தேன்.
இடது தாள் சும்மா கிடந்தது.
வலது தாள் நீலம் போட்ட வேட்டியாய் மின்னிற்று.
புதுத் தாள்.
டாக்டர் வலப்பக்கம் கை நீட்டிவிட்டார்.

"பொறுங்க. கையெழுத்தப் பாருங்க."
ர்-க்கு மேல் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம்.
இரண்டும் ஒரே கை. வலதில் கொஞ்சம் நடுக்கம்.
"அப்ப ரெண்டும் நிஜக் கையெழுத்தா?"
"நிஜம்தான். சாரோடது இல்ல."

சார் எழுத்து கோழி கிண்டினது.
ஐம்பதிலும் போட்டது ஜாய்சி டீச்சர்,
பத்தொன்பது வருசம் ரேங்க் கார்டு எழுதிய கை.
என் கடை ஸ்டூலில் அவர் உட்கார்ந்து போடப் போட
சார் பக்கத்தில் நின்று பென்சில் சீவிக்கொடுத்தார்.

சார் இறந்து ஆறாம் வருசம்
டீச்சர் மட்டும் அதே ஸ்டூலுக்கு வந்தார்.
பரணில் ஆறு சட்டமும் இருந்தன. வலை கிழியவில்லை.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
என்ன நம்பர் போடட்டும் என்று அவர்தான் கேட்டார்.
முப்பத்தொண்ணு தொண்ணூத்திரண்டு வெள்ளத்தில்
கொக்கிரகுளத்து வீட்டோடு போச்சு, டீச்சர்.
கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

போகவில்லை போலிருக்கிறது.
இடது தாளின் கீழ் ஓரத்தில்
விரல்கடை உயரத்துக்குச் சேற்றுப் பழுப்பு.
ஆறு தொட்டுப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறது.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேனா?
பாதி சொன்னேன்.
சீட்டில் எழுதிக்கொடுத்தது:
'இரண்டும் ஒரே சட்டத்தில் விழுந்தவை.'
கூலி ஐந்நூறு.

அவர் சீட்டை மடிக்கவில்லை.
"பட்டாவுல ரெண்டு பேரு ஏறுனா
தாசில்தார் ஒருத்தர அடிப்பாரு.
நான் யார அடிக்க?"
பிறகு, குரலைத் தணித்து:
"இன்னும் எத்தன முப்பத்தொண்ணு இருக்கு வே?"

"நான் அடிச்சது..." என்று வாயெடுக்கும்போது
பைக்கிலிருந்து விழுந்த பையன் ஒருத்தன்
இடக்கையை வலக்கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.
டாக்டர் இரண்டு தாளையும் உருவி
எது எதென்று பாராமல் மேசையில் போட்டார்.
பையனின் எக்ஸ்ரேயைப் பெட்டியில் செருகினார்.
ஒரு நொடிகூட இல்லை.
"இந்தா, இங்க" என்றார்.