பெயர்கள் ஓடி முடியும்வரை

வெளியே டுலூத் நகரம்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
துறைமுகத்தில் தாதுக் கப்பல்கள் பனியில் பல் கடித்து நிற்கின்றன.
உள்ளே, நான்காம் அரங்கில்
வெண்கல நாரை ஒன்பதாவது முறையாக
உலகத்தைக் காப்பாற்றி முடித்திருக்கிறது.

நான் துடைப்பத்தோடு வாசலில்.
பெயர்கள் ஓடி முடியும்வரை
கூட்டக் கூடாது என்பது மேலாளர் லோவெல்லின் சட்டம்.
பதினொரு நிமிடம்.
ஒன்பது படங்களிலும் எனக்குத் தெரிந்தது
இந்தப் பதினொரு நிமிடம் மட்டும்தான்.

போனவர்கள் போக ஐந்து பேர் மிச்சம்.

"மூணாவதோட நிறுத்தியிருக்கணும்."
தாக்கர், முன்னிருக்கை மேல் பூட்ஸ் காலைப் போட்டபடி.
"அந்தப் பாலம் இடியுற இடத்துல நாரைக்குப் பயம் இருந்தது.
இப்ப இறகுக்கு இறகு கணினி,
பயத்தை மட்டும் காணோம்."

"மூணாவதா?" பெரனீஸ் சிரிக்கிறாள்.
"அதுல வில்லன் யாரு, சொல்லு பார்ப்போம்."
தாக்கர் யோசிக்கிறான்.
திரையில் ஒலிப்பதிவு உதவியாளர்கள்
நாற்பது பேர் மேலேறிப் போகிறார்கள்.
"ஊதா நிறத்துல... ஏதோ ஒண்ணு."
"அவ்வளவுதான் உன் மூணாவது."

எல்ட்ரிட்ஜ் இறைச்சிக் கடையிலிருந்து நேரே வந்தவன்.
விரல் இடுக்கில் இன்னும் உப்பு வாசனை.
"அஞ்சாவதுல அவ செத்தப்ப நான் அழுதேன்.
நிஜமாவே அழுதேன்.
ஆறாவதுல கதவைத் திறந்துட்டு வர்றா,
வேற பிரபஞ்சமாம்!
அழுததை எனக்கு யார் திருப்பித் தருவா?"

அடுத்து முட்டையிலிருந்தே தொடங்கப் போகிறார்கள்,
புது நடிகன், அதே சதுப்பு நிலம், அதே மின்னல்:
பழைய குருடி, கதவைத் திறடி.
கரும்பைச் சக்கையாகப் பிழிந்த பிறகும்
ஆலையை நிறுத்த மனம் வராதவர்களைப் பற்றி
தாக்கர் பேசப் பேச
பெரனீஸின் மகள் மார்னி குறுக்கிடுகிறாள்.
பத்து வயது, உதட்டோரம் வெண்ணெய்.
"எனக்கு இதுதான் முதல் நாரை."

யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.

மூன்றாம் வரிசையில் ஓஸ்மோ.
தாதுத் துறையில் முப்பத்தொரு வருடம் உழைத்துக் காது மந்தமானவர்.
சண்டைகளில் தூங்குவார்.
பெயர்கள் வந்ததும் விழித்துத் தொப்பியைக் கழற்றுவார்.

"நீங்க சொல்லுங்க, நிறுத்திடலாமா?"
எல்ட்ரிட்ஜ் கத்திக் கேட்கிறான்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
கையை மட்டும் உயர்த்துகிறார், பேருந்தை நிறுத்துவதுபோல.
வலது பத்தி. கீழிருந்து வருகிறது.
கைசா, பிறகு அவருடைய குடும்பப் பெயர்.
மூன்று விநாடி.
மேல் விளிம்பு அவளை விழுங்கியது.

"என் பொண்ணு," என்றார். "வான்கூவர்ல இருக்கா.
மழைக் காட்சியில இடது சிறகுல தண்ணி சொட்டுதே,
அது அவ. நாலு மாசம்.
நனைஞ்ச நாரை கனக்கும், கொஞ்சம் சாஞ்சுதான் பறக்கும்னு
வாத்து பின்னாடியெல்லாம் அலைஞ்சு கத்துக்கிட்டா."
தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நிறுத்தறதுன்னா நிறுத்தட்டும்.
வீட்டுக் கடன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்கப்புறம்."

அரங்கில் ஒரு சங்கடமான அமைதி.
தாக்கர் காலைக் கீழே இறக்கினான்.
ஆனாலும் ரசிகன் ரசிகன்தானே:
"அந்த மழைக் காட்சி...
கொஞ்சம் நீளம், இல்லையா?"

அதற்குள் திரை இருண்டு மறுபடி வெளிச்சமானது.
சதுப்பு நிலம். ஒரு முட்டை.
மெல்லிய விரிசல்.
ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்,
திட்டினானா மகிழ்ந்தானா என்று தெரியவில்லை
எல்ட்ரிட்ஜ்.

விளக்கைப் போட்டேன்.
ஒன்பது இருக்கைகளின் கீழே சோளப்பொரி,
ஒரு சின்னக் கையுறை.

அதைக் கொடுக்க வாகன நிறுத்தத்துக்கு ஓடினேன்.
மூச்சுப் புகை நடுவே இன்னும் நின்றிருந்தார்கள்.
மார்னி ஒரு கையை மட்டும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.
ஓஸ்மோ தாக்கரின் தோளைப் பிடித்திருந்தார்,
காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில்:

"நீளமா? எது நீளம்?
மறுபடி உள்ளே வா, காட்டறேன்!"